கஸ்தூரி கைக்கு ஒரு கத்தி

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் போன மாதம் புதிதாக ஒரு குடும்பம் சேர்ந்தது. வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்து எங்களை அறிமுகம் செய்துகொண்டோம். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. ஒருவர் நர்ஸ். இன்னொருவர் கான்வென்டில் கணக்கு டீச்சர். என் முறை வந்தது. "ஃபிலோமினா. அடையாறுல கத்தி செய்யுற பட்டறையில வேலை பாத்தேன், இப்ப ரிட்டயர்டு" என்றேன். புதிதாக வந்த அம்மா பக்கத்தில் இருந்த தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜெபம் தொடங்கும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, எங்கள் சர்ச் பத்திரிகையான பங்கு மடலைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் என்னிடம் வந்தார். "அதையே எழுதிக் குடுங்களேன். டீச்சருங்க அனுபவமா போட்டுப் போட்டு எங்களுக்கே அலுத்துப்போச்சு" என்றார். எழுதுகிறேன். தப்பு இருந்தால் அவரே திருத்திக்கொள்ளட்டும், அதற்குத்தான் டீச்சர்.

பத்தாவது முடித்ததும் கிண்டியில், ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோல்களுக்குப் பாலிஷ் போடும் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது எல்லாமே அந்தப் பாலிஷ் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோதே நடந்தன. அங்கே தரம் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் வருவார். ரங்கநாதன் சார். மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் நாமம், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. அவர் வருகிற நாளில் பாலிஷ் போட்ட கத்தரிக்கோல்களை ஆளுக்கொரு தட்டில் அடுக்கி வைப்போம். தட்டைக் கையில் எடுப்பார், ஒரு கத்தரிக்கோலை வெளிச்சத்தில் சாய்ப்பார், கோடு தெரிந்தால் தட்டைத் திருப்பி வைப்பார். திருப்பி வைத்தால் மறுபடி முதலிலிருந்து. மனதுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து, இனி எந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது சாந்தோமில் எங்கள் சந்துக்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பார்த்தால் ரங்கநாதன் சார்! ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள், இந்த மனிதர் ஓர் உலை வாங்கியிருந்தார். அடையாறில் ஒரு நண்பர் வீட்டுப் பின்பக்கத்தில் கொட்டகை போட்டு, டமாஸ்கஸ் கத்தி செய்யப்போகிறாராம். "உங்க தட்டு மட்டும் பாத்தாலே எனக்குத் தெரியும், ஃபிலோமினா. மூலையில கூட கோடு இருக்காது. நீங்கோ வரேளா?" என்றார். திட்டினதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்து முகம் சூடாகிவிட்டது. வருகிறேன் என்றேன். அந்த ஒரு வார்த்தையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள்.

டமாஸ்கஸ் கத்தி என்றால் என்ன என்று நம் ஆட்களே கேட்பார்கள். இரண்டு விதமான எஃகு வேண்டும். ஒன்று ஆசிட் பட்டால் கறுத்துப்போகும். இன்னொன்றில் நிக்கல் கலந்திருக்கும், அது வெள்ளையாகவே நிற்கும். இரண்டையும் பட்டை பட்டையாக வெட்டி, மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்தே ஒட்ட வேண்டும். நடுவில் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. ஒட்டிய கட்டியை நீட்டி, வெட்டி, மேலே மேலே வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். கடைசியில் கத்தியாக்கி ஆசிடில் நனைத்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் எழும்பி வரும். எங்கள் சம்மட்டிக்காரன் கபாலி அதைப் பரோட்டா என்றுதான் சொல்லுவான். "இன்னா சார், இன்னிக்கு பரோட்டாவுக்கு எத்தினி மடிப்பு?"

கபாலி அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன். அங்கிருந்த வீடுகளைக் காலி செய்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் பஸ் மாறி வருவான், வந்ததும் டிரைவரையும் கண்டக்டரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவான். கை மட்டும் தங்கம். பட்டறையில் நாங்கள் மூன்று பேர்தான். சார் உலையைப் பார்ப்பார், கபாலி அடிப்பான். அடுக்குவதற்கு முன்னால் பட்டைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும், அடித்து முடித்த பிறகு சாணை பிடித்து, ஆசிடில் நனைத்து, பிடி போடுவதும் என் வேலை. பட்டையில் ஒரு விரல் பிசுக்கு இருந்தால்கூட அந்த இடம் ஒட்டாது. தின்னரில் துடைத்த பட்டையை நான் குழந்தையைத் தூக்குவதுபோல ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவேன்.

சாரின் தோரணையைச் சொல்லாமல் இருக்க முடியாது. உலைக்கு முன்னால் ஒரு முக்காலி, அதில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பார். இரும்பை அவர் 'அது' என்று சொன்னதே இல்லை. 'அவர்'தான். சிவந்து வரும்போது கபாலி இடுக்கியை நீட்டுவான். "இருங்கோ கபாலி, அவர் இன்னும் தயாராகலை" என்பார். வெங்காரத்தூளைத் தூவச் சொல்லுவார். அது உருகி, கண்ணாடித் தண்ணீர்போல இடுக்குகளில் ஓடி அழுக்கை வெளியே தள்ளும். மறுபடி உள்ளே போகும். சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாகும். கபாலிக்குப் பொறுமை போய்விடும். "சார், அவுரு இன்னா மாப்ள அழைப்புக்கா போறாரு?" என்பான். சார் சிரிக்க மாட்டார். மேற்பரப்பு ஈரமாக மினுங்கி, உலையின் உட்சுவருக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற ஒரு நொடி இருக்கிறது. அப்போது, "இப்போ வரார்!" என்பார்.

முதல் அடி பலமாக விழக் கூடாது. தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோல நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போக வேண்டும். பலமாக அடித்தால் அடுக்கு வழுக்கி எல்லாம் பாழ். அடுக்குகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட பிறகுதான் அடி இடிபோல விழும். ஆறினதும் சார் அந்தக் கட்டியைக் கம்பியில் தொங்கவிட்டு, சுத்தியால் லேசாகத் தட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். மணிச் சத்தம் வந்தால் "ம்" என்பார். பாராட்டென்றால் அவ்வளவுதான். இரண்டு 'ம்' வந்தால் அன்று கபாலி எங்களுக்கு பஜ்ஜி வாங்கித் தருவான்.

முடித்த கத்தியை முதலில் அவர் தன் முன்கை மயிரில் வைத்து மழித்துப் பார்ப்பார். இடதுகை முழுக்க மொழுக்கென்று இருக்கும், முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்வார். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் வாழைத்தண்டும் சேனைக்கிழங்கும் நறுக்குவார். அவர் வீட்டு மாமி ஒருநாள் பட்டறைக்கே வந்து, "ஃபிலோமினா, இவர் கத்தி பண்ணினா பண்ணிக்கட்டும், அதுக்காக ஆத்துல வாரம் பூரா சேனையா?" என்று என்னிடம் முறையிட்டார்.

அந்த மனிதரை எதற்காகக் கும்பிட வேண்டும் என்று கேட்டால் இந்த ஒன்றைச் சொல்லுவேன். ஒரு வெளியூர் சமையல்காரருக்காக வாரக்கணக்கில் உழைத்துச் செய்த கத்தி. சுருள் சுருளாகக் கோலம் விழுந்து, இதுவரை செய்ததிலேயே அழகு. கழுவிக்கொண்டிருந்த கபாலியின் ஈரக்கையிலிருந்து நழுவியது. எங்கள் பட்டறையில் ஒரே சட்டம், விழுகிற கத்தியைப் பிடிக்கக் கூடாது. கையை மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர வேண்டும். கபாலி அப்படியே செய்தான். கத்தி சிமெண்டில் குத்தி, முனை ஒடிந்து தெறித்தது. சார் ஓடிவந்தார். கத்தியைப் பார்க்கவில்லை, கபாலியின் காலைத்தான் பார்த்தார். "படலையே? பத்து வெரலும் இருக்கோன்னோ?" என்றார். அப்புறம் ஒடிந்ததை எடுத்து வைத்துவிட்டு, புதிதாகப் பட்டைகளை வெட்டச் சொன்னார். கபாலி மறுநாள் காலையில் பஸ்ஸைக்கூடத் திட்டவில்லை. சாணைச் சக்கரத்தின் முன்னால் இத்தனை காலம் உட்கார்ந்தும் நான் பத்து விரலோடு ஓய்வு பெற்றிருக்கிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், அடுத்தது சாருக்கு.

இனி நாங்கள் செய்ததிலேயே கஷ்டமான வேலையைச் சொல்லுகிறேன்.

ஒரு கோடையில் சுகன்யா என்று ஒரு பெண் வந்தாள். தி.நகர் துணிக்கடை ஒன்றில் பில் போடுகிறவள். அவள் அம்மா கஸ்தூரி, பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டித் தருகிறவர். மாமியார் உட்கார்ந்த இடத்தில் கல்யாணமான மறு மாதமே வந்து உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். இப்போது முட்டியில் ஆபரேஷன். இனி தரையில் உட்காரவே கூடாது, குத்துக்காலும் போடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அம்மா எடத்துல இப்ப எங்க சொந்தக்காரங்க ஒருத்தங்க உக்காந்து பாத்துக்கிறாங்க சார். மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு பெரிய போட்டுங்க போச்சுன்னா வஞ்சிரம், பாறைன்னு பெரிய மீனுங்க வரும். அன்னிக்கு அம்மா அங்க இல்லன்னா அவ்ளோதான், எடம் போயிடும். இப்பவே வீட்ல சுவத்தப் பாத்து உக்காந்திருக்காங்க. சோறு வேணாங்கறாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவளுடைய யோசனை இது. மேஜை போட்டு, நின்றுகொண்டே வெட்டும்படி அம்மாவுக்கு ஒரு நல்ல கத்தி. வெளிநாட்டில் ஒருவர் பெரிய சூரை மீனைக் கோலம் போட்ட கத்தியால் அறுப்பதை அவள் போனில் பார்த்திருக்கிறாள். "அதுமாதிரி, அலை அலையா இருக்கணும் சார். எங்கம்மா இதுவரைக்கும் அழகா ஒரு சாமான் வச்சிக்கிட்டதில்ல" என்றாள்.

யாருக்குக் கத்தி செய்தாலும் அவர்களை வரச்சொல்லி, கையைப் பிடித்துப் பார்ப்பது சாரின் வழக்கம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, திடீரென்று கொடுக்க வேண்டும் என்று இந்தப் பெண் கெஞ்சினாள். அம்மா தூங்கும்போது கையைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டு வந்திருந்தாள். சார் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, பண்ணிடலாம்" என்றார்.

அலைக்கோலம் சுலபமில்லை. ஒட்டிய கட்டியைத் தட்டையாக்கி, இரண்டு பக்கமும் குறுக்கே குறுக்கே வாய்க்கால் அறுக்க வேண்டும், ஏணிப்படிபோல. பின்பு அதைக் காய்ச்சி, மேடெல்லாம் பள்ளத்தில் இறங்கும்வரை அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் அடுக்குகள் அப்போது வளைந்து நெளியும். ஒரு பக்கத்து வாய்க்காலுக்கு நேராக மறுபக்கத்து வாய்க்கால் வந்துவிட்டால் அந்த இடம் ஒல்லியாகி ஒடியும். அறுத்தது நான்தான். கழுத்து வலி வந்து தைலம் தேய்த்துக்கொண்டு அறுத்தேன்.

கத்தியாக அடித்ததைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி விறைப்பாக்கி, பிறகு கேக் அடுப்பில் இதமாகச் சூடுபண்ணி, சாணை பிடித்தேன். சாணை பிடிக்கும்போது கையுறை போட மாட்டேன். விரல் தாங்காத சூடு வந்தால் கத்தியின் விறைப்பு போய்விடும், அதை விரல்தான் சொல்ல வேண்டும். கடைசியில் ஆசிடில் நனைத்து எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசினேன். ஏசுவே! நம் பட்டினப்பாக்கத்துக் கடல், சாயங்கால நேரத்துக் கடல், அப்படியே என் கையில் கிடந்தது. சார் பார்த்தார். "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்". கபாலி பஜ்ஜிக்கு ஓடினான்.

சேனைக்கிழங்கு சோதனை ஆயிற்று. இது மீன் கத்தியாயிற்றே, மீன் தொடாதவர் சோதித்தால் போதாது என்று கபாலி ஒரு சங்கரா மீனை வாங்கிவந்து பலகையில் போட்டான். ஒரே வெட்டு, தலை தனியாகப் போய்விட்டது. "வெண்ணெய் சார், வெண்ணெய்!" என்றான். மூன்று பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

கஸ்தூரி பட்டறைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆட்டோவிலிருந்து கோலை ஊன்றி இறங்கினார். கனத்த உடம்பு, காதில் பெரிய கம்மல். எதற்கு வந்திருக்கிறோம் என்றே தெரியாமல், "இன்னாடி இது, எங்க இட்டாந்துகீறே?" என்று மகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். மேஜைமேல் நாட்டுப்படகில் கிடைத்த சின்ன வஞ்சிரம் ஒன்று கிடந்தது. சார் கத்தியைத் துணியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டார். கோலத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "எனக்கா? மெய்யாலுமா?" என்று மகளைக் கட்டிக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மீன்மேல் கத்தியை வைத்தார்.

எப்படிச் சொல்வது? அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இடதுகை மீனைப் பிடித்தது. வலதுகையும் மீனைப் பிடிக்கத்தான் போனது, ஆனால் அதில் கத்தி இருந்தது. அமுக்கினார், மீன் வழுக்கியது. இழுத்தார், கோணலாகக் கிழிந்தது. மறுபடி அமுக்கினபோது கத்தி புரண்டு இடது கட்டை விரலின் ஓரத்தில் உரசிக்கொண்டு போனது. நல்லவேளை, நகத்தோடு போயிற்று. சுகன்யா அலறிவிட்டாள்.

கஸ்தூரி கத்தியைக் கழுவி, துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜையில் வைத்தார்.

"சூப்பரா கீது சாமி. கொற சொல்ல முடியாது. ஆனா என் ரெண்டு கைக்கும் மீனப் புடிக்கத்தான் தெரியும். கத்தியப் புடிக்கத் தெரியாது" என்றார். அழாமல்தான் சொன்னார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "விடுடி. அந்த எடத்த அவளே வச்சிக்கட்டும். நம்ம கால் போச்சு, எடமும் போச்சு."

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் வாங்குகிறவள் நான். அரிவாள்மனையில் வெட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகினவள். பலகையைக் காலால் மிதித்துக்கொள்வார்கள், கத்தி அசையாமல் நிமிர்ந்து நிற்கும், வெட்டுவாய் அவர்களைப் பார்த்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்து மீனைத்தான் அதில் தள்ளுவார்கள். கபாலிக்கும் இது தெரியும், சுகன்யாவுக்கோ பிறந்ததிலிருந்து தெரியும். கத்தியின் அழகிலேயே எல்லோரும் மயங்கிக் கிடந்துவிட்டோம்.

"நான்தான் கேட்டிருக்கணும். கையை அளந்தேன், கை என்ன பண்றதுன்னு பாக்கலை" என்றார் சார். பிறகு கஸ்தூரியிடம், "அம்மா, உக்கார வேண்டாம். நின்ன வாக்குல, சும்மா, எப்படி வெட்டுவேள்னு கையால காட்டுங்கோ" என்றார்.

கஸ்தூரிக்கு முதலில் கூச்சம். பிறகு இரண்டு கையையும் நீட்டி, இல்லாத மீனைப் பிடித்து, இல்லாத கத்தியில் தள்ளிக் காட்டினார். செதில் எடுப்பது, செவுளைப் பிடுங்குவது, துண்டு போடுவது. காட்டக் காட்டக் கை வேகம் பிடித்தது. சார் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டுபோய், பிடியில் துணி சுற்றி, வேலை மேஜையில் இருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் நெட்டுக்குத்தலாக வைத்து இறுக்கினார். வெட்டுவாயைக் கஸ்தூரி பக்கம் திருப்பினார்.

"இப்போ தள்ளுங்கோ."

கஸ்தூரி வஞ்சிரத்தைத் தூக்கி இரண்டு கையாலும் தள்ளினார். சரக்கென்று ஒரு துண்டு விழுந்தது. இன்னொன்று. எல்லாம் ஒரே கனம். "அம்மா!" என்றாள் சுகன்யா. நாலாவது துண்டில் மீன் கத்தியோடு மேலே ஏறி நழுவியது. நேரான கத்தி, மேலே போகிற மீனைத் தடுக்க வளைவு இல்லை. "தல கொஞ்சம் என்னிய பாத்து வளஞ்சிருக்கணும் சாமி" என்றார் கஸ்தூரி. அதுவரைக்கும் தரையைப் பார்த்தே பேசியவர், அதைச் சாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அலைக்கோலத்தோடு ஓர் அரிவாள்மனையே செய்துவிடுவது என்று முடிவாயிற்று, ஆனால் பெரிய படகுகள் போகிற நாள் அந்த வாரமே இருந்தது. நிக்கல் பட்டை தீர்ந்துபோயிருந்தது, வெளியூரிலிருந்து வர நாளாகும். முதலில் ஒட்டிய கட்டியில் மீந்த துண்டு ஒன்றுதான் கையில் இருந்தது. அரிவாள்மனைக்கு மட்டுமட்டாக வரும். எண்ணெயில் முக்கும்போது விரிசல் விட்டால் கதை முடிந்தது. சார் அதைத் தொங்கவிட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். உலையைப் பற்றவைத்தார்.

வளைவை அடிப்பதில்தான் கபாலியின் கையைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் சுருங்கும்போது இரும்பு மடிந்து சுருக்கம் விழும். ஓர் அடி வளைக்க, ஓர் அடி சுருக்கத்தை எடுக்க, மாறி மாறி அடித்தான். வேர்வை கொட்டியது, ஒரு கேலிப் பேச்சு இல்லை. நான் புளியமரக் கட்டையில் அடிப்பலகை செதுக்கினேன். கறிக்கடைக் கட்டைகூட அந்த மரம்தான், வெட்டு தாங்கும். காலால் மிதிக்க முடியாதே, அதனால் இரும்பு மேஜையோடு போல்ட்டில் இறுக்கும்படி செய்தோம். மேஜை உயரத்துக்கு நானே கஸ்தூரி வீட்டுக்குப் போய், அவர் முழங்கை எங்கே நிற்கிறது என்று அளந்துகொண்டு வந்தேன். அன்று அவர் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுகன்யா கண்ணால் ஜாடை காட்டிச் சிரித்தாள்.

எண்ணெயில் முக்குகிற நேரம் வந்தது. சார் உலைக்குள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "வரார்" என்றார். கபாலி எடுத்து, நிமிர்ந்த வாக்கில் எண்ணெயில் இறக்கினான். புகை எழுந்தது. விரிசல் விட்டால் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், ஊசி விழுந்ததுபோல. நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன், சாரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. எண்ணெய் கொதிப்பது அடங்கியது. ஒரு சத்தமும் வரவில்லை. கபாலி வெளியே எடுத்துத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கல்லு மாதிரி கீறாரு சார்" என்றான். அவனும் அன்று 'அவர்' என்று சொன்னான்.

படகுகள் திரும்பிய காலையில் மேஜையைத் தூக்கிக்கொண்டு பட்டினப்பாக்கம் போனோம். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரியின் இடத்தில் இருந்த சொந்தக்காரப் பெண், மேஜையைப் பார்த்து, கஸ்தூரியைப் பார்த்தாள். "இன்னாக்கா இது, கல்யாண மேடையா?" என்றாள். ஆனாலும் எழுந்து, தன் கூடையை நகர்த்திக்கொண்டு இடம் விட்டாள். கபாலி மேஜையை இறக்கி ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை.

முதல் மீன் ஒரு வவ்வால். கஸ்தூரி அரிவாள்மனையைத் தொட்டுக் கும்பிட்டு, இரண்டு கையாலும் தள்ளினார். நான் பார்த்து முடிப்பதற்குள் துண்டுகள் விழுந்துவிட்டன. வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். கஸ்தூரி அந்தத் துண்டுகளை வாரி ஒரு பையில் போட்டு, சாரிடம் நீட்டினார். "புது மனையில மொத மீன விக்க மாட்டோம் சாமி. மனைய செஞ்சவருக்குக் குடுக்கணும். எங்க மாமியா காலத்துலேர்ந்து இதான் எங்க வூட்டு வழக்கம்" என்றார். சொன்ன பிறகுதான் சாரின் நாமத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. கை பாதியில் நின்றது. "ஐயோ... நீங்க தொட மாட்டீங்களே..."

நான் குறுக்கே கையை நீட்டினேன். சார் என் கையை விலக்கினார். "எனக்குத்தானே குடுக்கறா" என்றார். இரண்டு கையையும் ஏந்தி அந்தப் பையை வாங்கிக்கொண்டார். ஈரம் சட்டையில் சொட்டியது, பிடியைத் தளர்த்தவில்லை. கஸ்தூரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். அந்த மீனைப் பிறகு என் வீட்டில் குழம்பு வைத்து, கபாலியும் என் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். முதலில் செய்த கத்தியை, மீன் பட்டதென்று தெரிந்தும், மாமி கழுவி எடுத்துக்கொண்டார்; இன்றும் அது அவர் சமையலறையில் சேனைக்கிழங்கு நறுக்குகிறது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கஸ்தூரி செதிலெடுக்க, வெட்ட, கழுவ என்று கை ஓயவில்லை. அழகான அலைக்கோலமெல்லாம் மீன் ரத்தத்தில் மறைந்துபோயிற்று, நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அப்போது வயதான ஒருவர் பாறை மீன் துண்டு கேட்டு வந்து நின்றார். "எப்டிம்மா இருக்கே? காலு சரியாயிடுச்சா?" என்று உரிமையாக விசாரித்தார். கஸ்தூரி அவர் முகத்தைப் பார்த்தார். யாரென்று தெரியாமல் விழித்தார். பிறகு மேஜைக்கு மேலாக எட்டி, குனிந்து, அவர் காலைப் பார்த்தார்.

"ஐயோ, நீங்களா சார்!" என்று கத்திவிட்டார். "செருப்பப் பாத்தாத்தான் தெரியுது. இத்தினி வருசமா தரையில உக்காந்து உங்க மீன வெட்டிக்கினு கீறேன், உங்க மூஞ்சி இப்டித்தான் இருக்கும்னு இன்னிக்குத்தான் சார் பாக்குறேன்."